கலெக்டர் தின்ற சாம்பல்

பெருமுக்கல்
11.08.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போனே இல்லாத ஊருக்கு நீ குடிபோய்விட்டதால் மகள் கலைப்பிரியா பேனா பிடிக்க வேண்டியதாயிற்று. அம்மா ஜெயிலில் மனு போட்டு உன்னைப் பார்க்க வரும்போது இதைத் தரும்.

நம் பசு கலெக்டர் நலம். பேருக்கேற்ற மாதிரி யாரையும் மதிப்பதில்லை. “மாட்டுக்குச் சினையில்லை, அப்பாவுக்குச் சிறை, ஒரு எழுத்துதான் வித்தியாசம்” என்றேன். அம்மா கரண்டியால் முதுகில் போட்டது.

சினை ஊசி போடும் புகழேந்தி அண்ணனுக்கு இடது கை மூன்று இடத்தில் முறிந்திருக்கிறது. மாட்டுக்குள் விட்டுக் கருப்பையைப் பிடிக்கிற கை அதுதான். விரல் மடங்கவில்லை.

அன்பு மகள்,
கலைப்பிரியா

விழுப்புரம் ஜெயில்
20.08.2024

அன்பு மகளுக்கு,

வேளைக்குச் சாப்பிடு. ஜாமீன் தள்ளிப்போய்விட்டது.

மூன்று தடவை ஊசி போட்டான். மூன்று தடவையும் மாடு திரும்பப் பருவத்துக்குக் கத்தியது. கேட்டால் என் கொட்டகையிலேயே நின்று, “தீனிய பாருங்க, தீனிலதான் கோளாறு” என்கிறான். என் தீனியையா? அதான் கையைத் தீனித்தொட்டி மேல் வைத்து மண்வெட்டிக் காம்பால் போட்டேன். வெளியே வந்ததும் அடுத்த கை.

தாது உப்பைத் தினமும் தவிட்டில் கலந்து வை. அதை உன்னை நம்பித்தான் விட்டிருக்கிறேன்.

அப்பா,
முருகையன்

பெருமுக்கல்
15.09.2024

அப்பா,

உட்கார்ந்து படி. ஒலக்கூரிலிருந்து மாட்டு டாக்டரம்மா வந்தார். “ஒடம்புல சத்தே இல்ல, எப்டிம்மா சினை நிக்கும்? தாது உப்பு குடுத்தீங்களா?” என்றார்.

கொடுக்கவில்லை. சித்திரையில் கபடிக்குக் கோடு போடச் சுண்ணாம்பு கிடைக்கவில்லை. டப்பாவில் இருந்த உப்பு மொத்தத்தையும் எடுத்துக் கோடு போட்டேன். நீ கண்டுபிடிக்காமலிருக்க வெந்நீர் அடுப்புச் சாம்பலை நிரப்பி வைத்தேன். தினமும் உன் எதிரில் ஒரு கரண்டி கலந்தேன். நீ தலையாட்டினாய், மாடும் ஆட்டியது. பின்பக்கம் போய்ச் சிரித்தேன்.

நீ அடித்தபோது கொட்டகை வாசலில்தான் நின்றேன். கரும்பை முறிக்கிற மாதிரி சத்தம் வந்தது. அவர் “தீனி, தீனி” என்று கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். “உங்கப்பனுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். இப்போது தெரியும். அவரை விட்டுவிடு அப்பா.

கலை

விழுப்புரம் ஜெயில்
02.10.2024

கலைக்கு,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீ சாம்பலே போட்டிருந்தாலும் என் கொட்டகையில் நின்று என்னை எதிர்த்துப் பேசினான் இல்லையா? அவனுக்கு அடுத்த கையும் போகும்.

கோர்ட்டில் கேட்டால் வண்டியிலிருந்து விழுந்தான் என்று சொல். வக்கீல் சொல்லித் தருவார். மாற்றிச் சொன்னால் நீ எனக்குப் பொண்ணே இல்ல. வந்ததும் உன் காலை உடைப்பேன்.

முருகையன்

பெருமுக்கல்
03.02.2025

அப்பா,

நிஜத் தாது உப்பும் அகத்திக்கீரையும் இரண்டு மாதம் வைத்தோம். பிறகு டாக்டரம்மா போட்ட முதல் ஊசியிலேயே கலெக்டர் சினை. இன்று கைவிட்டுப் பார்த்து உறுதியாகச் சொன்னார்.

வியாழக்கிழமை திண்டிவனம் கோர்ட்டில் சாட்சி சொல்ல வருகிறேன். யாரும் வண்டியிலிருந்து விழவில்லை என்று சொல்வேன். எட்டு அடி, எண்ணினேன், அதையும் சொல்வேன். சாம்பலையும் சொல்வேன். நீ வெளியே வந்தால் இன்னொரு கை போகும். நீயே எழுதியிருக்கிறாய். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு உதவி. நான் கூண்டில் நிற்கும்போது என்னை முறைக்காதே. ரொம்பப் பயந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று ஜட்ஜ் நினைத்துவிடுவார். கீழே பார்த்துக்கொண்டு நில்.

கலைப்பிரியா