சாம்பல் நிறம் மட்டும்

மார்ச் 3, செவ்வாய்

முதலாளி டாட்டூ கடையைத் திறந்ததும் ஊசிகளைச் சரிபார்த்து, மேஜையை இரண்டு முறை துடைத்தேன். சாம்பல் மை தீர்ந்துவிட்டது. கறுப்பு மையில் தண்ணீர் கலந்து சாம்பலை நானேதான் செய்துகொள்வேன். விலைக்குக் கிடைக்கும் சாம்பல் துணி அலசிய தண்ணீர் மாதிரி இருக்கும், எனக்கு ஆகாது. பார்த்தால் கலக்குவதற்கென்று வாங்கி வைக்கும், கிருமி நீக்கி சீல் போட்ட தண்ணீரும் காலி. பஸ் டிரைவர் ஒருவர் மகளின் முகத்தைத் தோளில் குத்திக்கொள்ள வந்து காத்திருந்தார். மருந்துக்கடைக்கு ஓடி வர நேரமில்லை. குடிக்கிற ஃபில்டர் தண்ணீரிலேயே பெரிய புட்டி நிறையக் கலந்துவிட்டேன். நிறம் அற்புதமாக வந்திருக்கிறது. அந்தக் குழந்தையின் கன்னத்தில் நிஜமாகவே நிழல் விழுந்த மாதிரி இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

தங்கச்சியின் கை டாட்டூ இன்று முடிந்தது. பேக்கரியில் கேக்கின் மேல் பூ வைக்கிறவள் அவள். மூன்று வருடத்துக்கு முன்னால் அடுப்புக் கதவு பட்டு வலது கை வெந்துபோனது. அன்றிலிருந்து வெயிலோ மழையோ முழுக்கைச் சட்டைதான். இப்போது அந்தத் தழும்பைச் சுற்றி ஒரு கிளை, கிளை நிறைய இலைகள். நான்கு மணி நேரம் வாயை மூடவே இல்லை. ஊசி குத்துகிறது எனக்கா அவளுக்கா என்று தெரியாத அளவுக்குப் பேச்சு.

நோய், மருந்து விவரம் கேட்கும் படிவத்தை நானே நிரப்பினேன். கூடப் பிறந்தவளிடம் என்ன கேட்பது? எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று டிக் அடித்துக் கையெழுத்து மட்டும் வாங்கினேன். கிளம்பும்போது கண்ணாடி முன்னால் கையை மடக்கி மடக்கிப் பார்த்தாள். நான் மேஜையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 15

அரைக்கைச் சட்டையில் போட்டோ அனுப்பியிருக்கிறாள். கை முழுசாக இருக்கிறது, தலைதான் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

பஸ் டிரைவர் வந்தார். தோளில் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள். வியர்வையோடு நாள் முழுக்க சீட்டில் சாய்ந்தால் வேறென்ன ஆகும் என்று ஒரு பிடி பிடித்தேன். சொறியவே இல்லை என்று மெதுவாகச் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

என் கையில் ஒரு ஊசி இரண்டு பேர் தோலைத் தொட்டதில்லை. கையுறை மாற்றாமல் நான் போனைக்கூட எடுப்பதில்லை. இது என் பக்கத்துத் தப்பு இல்லை.

மார்ச் 30, திங்கள்

நீச்சல் சொல்லித்தருகிற பெண், கெண்டைக்காலில் இறகு குத்திக்கொண்டவள், வந்திருந்தாள். அவளுக்கும் அதே கொப்புளம். குளத்துத் தண்ணீர்தான் காரணம் என்றேன். நான் சொன்னபடி மூன்று வாரமாகக் கரையில் நின்றுதான் வகுப்பு எடுக்கிறாளாம். பொய் என்று அப்போது நினைத்தேன். இதை எழுதும்போது அப்படித் தோன்றவில்லை.

ஒருவர் என்றால் சரி. இரண்டு பேர்?

ஏப்ரல் 2

தங்கச்சி போனில், “அக்கா, கையில வேர்க்குரு மாதிரி ஏதோ வந்திருக்கு.” களிம்பு தடவச் சொன்னேன். பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

டாக்டரிடம் போய் வந்திருக்கிறாள். டாட்டூவால் இருக்குமோ என்று அவர்தான் முதலில் கேட்டாராம். இவள் சிரித்திருக்கிறாள். சொன்னதை எனக்கு நடித்தே காட்டினாள்: “எங்க அக்கா கை கழுவறதைப் பாத்தீங்கன்னா உங்களுக்கே வெக்கமா இருக்கும் டாக்டர்.” அதற்குமேல் அவர் அதைக் கேட்கவில்லை. பேக்கரிப் பின்வாசலில் இவள் பால் ஊற்றி வளர்க்கும் பூனையின் மேல் சந்தேகம் போய்விட்டது. பூனைக் கீறலுக்கான மாத்திரை கொடுத்திருக்கிறார்.

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

அவள் வீட்டு ஜன்னல் பக்கம் கையைப் பிடித்து வைத்துப் பார்த்தேன். இலைகளின் ஓரக் கோடு எல்லாம் கறுப்பு மை, ஒரு புள்ளிகூட இல்லை. நான் தொடாமல் விட்ட தழும்பும் சுத்தம். கொப்புளங்கள் இலைகளுக்குள்ளே மட்டும், நிழல் போட்ட இடத்தில் மட்டும். ஏதோ நானே வரைந்து வைத்த மாதிரி.

டிரைவருக்குக் குழந்தையின் கன்னத்திலும் கழுத்திலும். நீச்சல்காரிக்கு இறகின் உட்பக்கம். எல்லாம் சாம்பல். சாம்பல் மட்டும்.

ஃபில்டர் தண்ணி.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் வரைக்கும் வந்தது. “பூனையைக் கொஞ்ச நாள் கிட்ட சேக்காத” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன்டி அப்படிச் சொன்னே? யாருக்குப் பயந்து சொன்னே?

ஏப்ரல் 10

புட்டியைத் தொட்டியில் கவிழ்த்தேன். தண்ணீர் தெளிகிற வரை கழுவினேன். பதிவேட்டைப் புரட்டினால் அந்தப் புட்டியிலிருந்து பன்னிரண்டு பேர். மாத்திரையில் சரியாகிவிடும். எத்தனையோ பேருக்குச் சரியாகிறது.

ஏப்ரல் 14

தங்கச்சிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பேக்கரிக்காரர்கள் பூனையைக் கோணியில் கட்டி எங்கோ விட்டுவிட்டார்களாம், அதற்கு அழுகிறாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. முழங்கை வரை வீக்கம். விரல்கள் மடங்கவில்லை, தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். மூட்டுவலிக்கு வாராவாரம் சாப்பிடும் மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், அதனால்தான் இவ்வளவு வேகம் என்றார் டாக்டர். அந்த மாத்திரை எனக்குத் தெரியும். நானே எத்தனை முறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதிலும் ‘இல்லை’.

எந்தக் கிருமி என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. மருந்து மாற்றி மருந்து ஏறுகிறது.

ஏப்ரல் 20, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் டாக்டர் வந்தபோது, அவள் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வெளியே போனால் மறுபடி வாய் அடைத்துவிடும் என்று பயம்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “குடிக்கிற தண்ணி வயித்துக்குச் சரிம்மா. தோலுக்குள்ள போறதுக்கு அது சுத்தம் இல்ல. அந்த மை மிச்சம் இருக்கா? இருந்தா அதை வெச்சே சீக்கிரம் கண்டுபிடிச்சிடலாம்.”

கொட்டிவிட்டேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. சதையிலிருந்து எடுத்துச் சோதித்தால் முடிவு தெரிய வாரக்கணக்காகும், அதுவரை ஊகத்தில்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்றார். முன்னாலேயே தெரிந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கலாம் என்பதையும் சொன்னார்.

அவர் போன பிறகு தங்கச்சி கேட்டாள்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“ஒன்பதாம் தேதி.”

“இன்னிக்கு இருபது” என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 25, சனி

ஆபரேஷன் முடிந்தது. கெட்டுப்போன சதையை வெட்டி எடுத்தார்கள். இலைகளில் பாதி போய்விட்டது. இரண்டு விரலுக்கு நரம்பு தப்பியதா என்பது மாதக் கணக்கில் போனால்தான் தெரியுமாம். நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள். மூடிய கண்ணைத் திறப்பதில்லை.

ஏப்ரல் 28

பதிவேட்டை எடுக்கக் கடைக்குப் போனேன். முதலாளி இருந்தார். பன்னிரண்டு பேருக்கும் சொல்லப் போகிறேன் என்றதும் பதறிவிட்டார். வந்தவங்களுக்கு மட்டும் பாத்துக்கலாம், தூங்கறவனை ஏன் எழுப்பணும் என்றார். பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் வந்தும் யாருக்கும் போன் செய்யவில்லை. மூன்று முறை எண்ணை அழுத்தி மூன்று முறையும் துண்டித்தேன். வெட்கமாக இருக்கிறது.

மே 2, சனி

ஒரு டம்ளர் கஞ்சி குடித்த பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். “மத்தவங்ககிட்ட சொல்லிட்டியா?”

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. இன்னும் இல்லை என்றேன்.

“நான் பூனைதான்னு நம்புன மாதிரி அவங்களும் யாரையோ, எதையோ நம்பிக்கிட்டு இருப்பாங்கக்கா.”

மே 3, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு அவள் படுக்கை ஓரமாகவே உட்கார்ந்து ஆரம்பித்தேன். பட்டியலில் தங்கச்சியைக் கழித்தால் பதினோரு பேர். டிரைவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். நீங்க என்னைத் திட்டுனீங்களே என்று மட்டும் சொன்னார். நீச்சல்காரி வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஒரு வார்த்தையும் அதிகமில்லை. நான்கு பேருக்கு ஒன்றும் இல்லை, இரண்டு பேருக்குக் கொப்புளம் இருக்கிறது, எல்லாரையும் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேர் எடுக்கவில்லை.

பதினோராவது, கழுத்தோரம் பிறை குத்திக்கொண்ட கல்லூரிப் பெண். போனை அவள் அப்பா எடுத்தார். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், அது இப்போது எனக்குப் பழகிவிட்டது.

“பொண்ணு பேசற நிலையில இல்லீங்க. பத்து நாளாச்சு. எதனால வந்துதுன்னு டாக்டருங்களுக்கே தெரியல. நீங்க யாரு?”

தங்கச்சி கட்டுப் போட்ட கையை மெதுவாக நகர்த்தி என் முழங்கால்மேல் வைத்தாள்.

“எனக்குத் தெரியுங்க” என்றேன். “டாக்டர் பக்கத்துல இருந்தா போனை அவர்கிட்ட குடுங்க.”