மோதிரம் போட்ட கை

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டதா? முட்டிவலி குறைந்ததா?

இங்கே திருவண்ணாமலையில் ஒரு வேடிக்கை. கை கழுவியபின் விரல்களைக் கிருமி வளரும் தட்டில் பதிக்கும்படி நர்சிங் மாணவிகளிடம் சொல்லி, நானும் பதித்தேன். இரண்டு நாள் கழித்து என் தட்டில்தான் கிருமி அதிகம். நீங்கள் போட்டுவிட்ட மோதிரத்தைக் கழற்றாமல் கழுவியிருக்கிறேன்!

"உண்ணாமுலைக்கா கிட்ட குடுத்துட்டு கழுவுங்க மேடம், பத்திரமா வெச்சிப்பாங்க" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

உண்ணாமுலையும் ஆசிரியைதான், என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள். அவள் மட்டும் அக்கா, நான் மேடம். பொறாமைதான் அம்மா.

மோதிரத்தைக் கோத்துக் கழுத்தில் போட ஒரு கறுப்புக் கயிறு அனுப்புங்கள். கோயில் வாசலெங்கும் விற்கிறது. இருந்தாலும் நீங்கள் முடிச்சுப் போட்டது வேண்டும். அவளிடம் கொடுக்க மாட்டேன்.

மணி அடித்துவிட்டது.

செம்மலர்