இரண்டு மணிச் செய்தி

மார்ச் 4, 2025, செவ்வாய்

ரெங்கம் தோட்ட ஆபீசில் இன்று என் கழுத்தில் ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள். செம்பனை மரங்களுக்குள் கைப்பேசிக்கு லைன் கிடையாது. இது நேரே சாட்டிலைட்டோடு பேசுமாம். பத்து, பன்னிரண்டு, இரண்டு மணிக்கு ‘நலம்’ பொத்தானை அழுத்த வேண்டும். ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தான். பதினோரு வருடமாகத் தனியாகப் போய் வடிகால் தண்ணீரை அளக்கிறேன். இப்போது மாட்டுக்கு மணி கட்டுகிறார்கள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ருக்னுதீன் பாய் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பாராம்.

மார்ச் 7

கால் மணி தாமதம். அதற்குள் கருவியில் பாயின் செய்தி: ‘எங்க இருக்கீங்க அக்கா?’ எங்கே போவேன், சிங்கப்பூருக்கா?

மார்ச் 11

பாய் நோன்பு. முகம் வாடிக் கிடக்கிறது. என் இரண்டு மணிச் செய்தி வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாராம். பாவம். நாளைக்கு ஒரு வழி செய்கிறேன்.

மார்ச் 14, குளுவாங் ஆஸ்பத்திரி

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கே இரண்டு மணிச் செய்தியையும் சேர்த்து அழுத்தினேன். பாய் தொழுதுவிட்டுக் கொஞ்சம் படுக்கட்டும் என்றுதான். இனி இது எதற்கு என்று கருவியைக் கழற்றி மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டேன். புத்தி எங்கே போச்சு எனக்கு?

அரை மணியில் வடிகாலைக் கடக்கப் போட்டிருந்த பலகை முறிந்தது. விழுந்தேன். கணுக்கால் போச்சு. மோட்டார் மேலே, கண்ணெதிரே நிற்கிறது. ஏற முடியவில்லை. ஒன்றரைக்கு மழை பிடித்தது. தண்ணி இடுப்புக்கு வந்துச்சு, அப்புறம் நெஞ்சுக்கு — சாயங்காலந்தான் தேடுவாங்க, அதுவரைக்கும் நான் இருக்க மாட்டேன். மாசாய் டவுன்ல இருக்கிற மக பிரவீனாவ நெனச்சு அழுதேன்.

இரண்டரைக்கு, “செல்லம் அக்கா” என்று வறண்ட குரல். பாய், கூட இரண்டு ஆட்கள். கூடையில் கிடந்த கருவி இடத்தைக் காட்டியிருக்கிறது.

“எப்படித் தெரிஞ்சுது, பாய்?”

“ரெண்டும் ஒரே நிமிஷத்துல வந்துச்சு லா. ரெண்டு மணிக்கு நல்லா இருப்பீங்கன்னு பன்னெண்டு மணிக்கே எப்படிக்கா தெரியும்? இன்னொன்னு வருதான்னு ரெண்டு வரைக்கும் உக்காந்து பாத்தேன். வரல.”

என் வாயில் தண்ணீர் ஊற்றினார். அவர் உதடு வெடித்திருந்தது.

மார்ச் 17

பாயின் மனைவி ஜெய்னம்பு நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். “இனிமே அவருக்குப் பாவம் பாக்காதீங்க அக்கா” என்றார். சிரித்தேன், அழுதேன், இரண்டு கிண்ணம் குடித்தேன். இவர்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

மே 26, திங்கள்

மறுபடி வேலை. கருவி கழுத்தில். இரண்டு மணிக்கு மரமில்லாத மேட்டில், வானம் தெரியும்படி நின்றேன். 1.58. கை துறுதுறுத்தது. பொறுத்தேன். சரியாக இரண்டுக்கு அழுத்தினேன்.

பதில் வந்தது: ‘சரிக்கா. இப்ப சாப்பிடப் போறேன்.’

நோன்பு முடிந்து இரண்டு மாதமாகிறது.