மிதப்பது என்ற சொல்

செவ்வாய்க்கிழமை, மாசி 14.

இன்று பழவேற்காட்டிலிருந்து கோவிந்தன் மூன்றாம் முறையாகப் பொன்னேரிக்கு என்னிடம் வந்தார். ஏரியில் மீன் பிடிப்பவர். படகு கவிழ்ந்து தம்பி போனதிலிருந்து தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை.

"எட்டு மாசமா ஊட்லயே குந்திக்கினு கீறாரு சார். வல சும்மா தொங்குது, என் வாயிதான் ஓயாம வேல செய்யுது" என்றாள் கூட வந்த அவர் மனைவி சரசு.

கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு மனவசியச் சிகிச்சை படித்தவன் நான். அச்சத்தை விரட்ட மாட்டேன். உடலைத் தளர்த்தி, அந்த அச்சத்தின் அருகே சிறிது சிறிதாக அழைத்துப் போவேன். படித்தபோது எழுதிய அட்டையை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசிப்பது வழக்கம். இன்றும் வாசித்தேன்: "உடல் லேசாகிறது. நீங்கள் மிதக்கிறீர்கள்."

கோவிந்தன் கண்ணைத் திறந்துவிட்டார். "மிதக்கிறன்னு சொல்லாத சார். மூணாம் நாளு என் தம்பிதான் மிதந்தான்."

முன்பு இரண்டு முறையும் இதே இடத்தில் அவர் நாற்காலியின் கையை இறுகப் பற்றினார். குறித்து வைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

அட்டையை டிராயருக்குள் போட்டுவிட்டு, ஏரி அமைதியாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்றேன்.

"காத்து நின்னா, ஏரி தூங்குதுன்னுவோம்."

அதையே சொன்னேன். ஏரி தூங்குகிறது, நாரை தூங்குகிறது, கரையும் தூங்குகிறது. அவர் மூச்சு நீண்டது. எனக்கும் அறை மெல்ல அசைந்தது. கணுக்கால் வரை தண்ணீர் என்றார், கண்ணை மூடியபடியே, முகம் சுளிக்காமல்.

கிளம்பும்போது, "நாளைக்குக் காலைல மெய்யாலுமே கால வெக்கிறேன். நீயும் கூட எறங்கு சார்" என்றார்.

சரி என்றேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதைச் சொல்லவில்லை. இந்த இரவில் கண்ணை மூடினால் ஏரி கட்டிலுக்கடியில் வந்து படுத்துக்கொள்கிறது.