நீ போடாமல் விட்ட நீர் மாத்திரை

அக்கா,

நேற்று திருப்பதி ஆஸ்பத்திரியில் எனக்கு இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள். மார்பில் வழவழப்பான ஜெல்லைத் தடவும்போது "கொஞ்சம் சில்லுன்னு இருக்கும்மா" என்றாள் அங்கிருந்த பெண். கொஞ்சமா? முதுகு வரைக்கும் சிலிர்த்துவிட்டது. பிறகு இன்னொரு அறையில் படுக்கவைத்து எலும்பின் அடர்த்தியைப் பார்த்தார்கள். பிபி இருக்கிற வயசானவர்களுக்கு இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். எனக்கு இப்போது அறுபத்தாறு. நீ விழுந்தபோது உனக்கும் ஏறக்குறைய இந்த வயதுதான்.

கூடப்பிறக்காவிட்டாலும் சத்தியவேடு பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஒன்றாகக் களை பறித்தவர்கள் நாம். போர்வெல்லில் தண்ணீர் வற்றி, கூலி வேலை குறைந்தபோது, திருச்சானூரில் லாட்ஜுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. "வாமே, போய்ப் பாக்கலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு வந்தவள் நீதான். நான்கு மாடி லாட்ஜில் அறை பெருக்கும் வேலையும் படுக்கை விரிப்பு மாற்றும் வேலையும் கிடைத்தன. லிஃப்ட் யாத்திரிகர்களுக்கு மட்டும். நாம் துணி மூட்டையோடு படியில்தான் ஏறினோம். முதல் மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நீ அம்மன் கோயில் குளத்தருகே உட்கார்ந்து, "இனிமே எவன் வரப்புலயும் நிக்க வேணாம்" என்றாய். அப்போது உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நான் பார்த்தேன்.

இலவச முகாம் ஒன்றில் உனக்கு பிபி என்று கண்டுபிடித்து இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஒன்று நீர் பிரிய வைப்பது. போட்ட அரை மணியில் போயாக வேண்டும். வேலைக்காரப் பெண்களுக்கு லாட்ஜில் கழிப்பறை கிடையாது. யாத்திரிகர் அறையில் போனால் மேனேஜர் கத்துவார். அதனால் வேலை நாட்களில் அந்த மாத்திரையை நீ விட்டுவிட்டாய். வாரத்தில் ஆறு நாள் வேலை. "யார்கிட்டயும் சொல்லாதே. தாமுவுக்குத் தெரிஞ்சா வேலைய வுடச் சொல்லுவான்" என்றாய், மகனுக்குப் பயந்து. நான் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே நான்கு வருஷம் போயிற்று.

உடம்பு நமக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வாளியோடு லேசாகச் சறுக்கியதற்கே உன் மணிக்கட்டு உடைந்தது. புத்தூர் எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போட்டு அது நன்றாகவே கூடிவிட்டது, நாமும் மறந்துவிட்டோம். பிறகு உன் புடவை தரையில் புரள ஆரம்பித்தது. "புடவை வளருதா, நான் குட்டையாறேனா?" என்று நீ கேட்க, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். முதுகெலும்பு நசுங்கித்தான் குள்ளமானாய் என்று யாருக்குத் தெரியும்? இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி உட்காருவாய். கேட்டால் முட்டி வலி என்பாய். இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றும் ஒருநாள் சொன்னாய்.

அன்று காலை மூன்றாம் மாடிப் படியில் தலை சுற்றி விழுந்தாய். இடுப்பு எலும்பு. ஷேர் ஆட்டோவில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையிலிருந்து தாமு கம்பெனி யூனிஃபார்மோடு ஓடிவந்தான். புத்தூருக்கே கொண்டுபோகலாமா என்று கேட்டான். "இது மணிக்கட்டு இல்லப்பா. ஆபரேஷன் பண்ணாதான் எழுந்து நடப்பாங்க" என்றார் டாக்டர். சாயந்திரமே செய்துவிடலாம் என்று முடிவானது. பிறகு அவர் கேட்டார்: "பிபி மாத்திரையெல்லாம் தினம் போடறாங்களா?"

"போட்டுக்கினுதான் இருக்கறேன் சார்" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நான் டாக்டர் பக்கம் திரும்பினேன். "இல்ல சார். நீர் மாத்திரைய நாலு வருஷமா சரியா போடல. படி ஏறினா மூச்சு வாங்குது. படுத்தாலும் வாங்குது."

நீ முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாய். தாமு உன்னையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான்.

உடனே எக்கோ எடுத்தார்கள். வருஷக்கணக்கில் அடங்காத பிபியால் இதயச் சுவர் தடித்து விறைத்திருந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. "எலும்பு ஒரு பக்கம், இதயம் ஒரு பக்கம்னு பாக்க முடியாதும்மா. வயசானவங்க நெறைய பேருக்கு ரெண்டும் சேந்துதான் கெடுது. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணியிருந்தா டேபிள்லயே ஏதாவது ஆகியிருக்கும்" என்றார் டாக்டர். இரண்டு நாள் ஊசி போட்டு நீரை இறக்கி, மூன்றாம் நாள் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டாய். ஆனால் என்னோடு பேசவில்லை.

தாமு உன்னை ஊருக்கு அழைத்துப்போய்விட்டான். வேலை போயிற்று. நீ பயந்ததுதான் நடந்தது, என் வாயால். அந்த மாதம் நான் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். "படியில விழுந்தவள தூக்கிக்கினு போனது நானு. பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் தொறந்து வுடுங்க, இல்லன்னா நாங்க ஆறு பேரும் நாளைக்கு வரமாட்டோம்" என்றேன். அவர் தெலுங்கில் என்னென்னவோ கத்தினார். நாலாம் நாள் கீழ்த்தளத்துக் கழிப்பறைச் சாவி என் கைக்கு வந்தது.

நான்கு மாதம் கழித்து உன்னைப் பார்க்க வந்தேன். வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசல் வரை வந்து நின்றாய். "உன்னைத் திட்டணும்னுதான் நடந்து பழகினேன், உள்ள வா" என்றாய். சாவிக் கதையைச் சொன்னதும், "நான் போன அப்புறம்தான் தொறந்தானா பாவி!" என்று சிரித்தாய். சிரிக்கும்போதே அழுதாய். "வேலைக்குப் போனப்போ நான் ஒரு மனுஷி. இப்போ வேளாவேளைக்கு மாத்திரை துன்னுக்கினு உக்காந்திருக்கறேன்" என்றாய். உன் கையைப் பிடித்துக்கொண்டேன், நீ உதறவில்லை.

அதன்பின் ஆறு வருஷம் இருந்தாய். பேத்தியின் சடங்குக்குப் பந்தல் வரை நீயே நடந்துபோனாய். ஒரு காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவள் எழவில்லை. இதயம்தான் என்றார்கள்.

உண்மையைச் சொன்னதற்காக தாமு இன்றும் என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுகிறான். அதற்கு முன் வாயை மூடிக்கொண்டிருந்த நான்கு வருஷத்தைப் பற்றி அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை, அக்கா. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.