தோமஸ் கேட்ட இரண்டு நாள்

நவம்பர் 17, ஞாயிறு. திருகோணமலை

படகு எங்கள் கைக்கு வந்துவிட்டது. இருபத்திரண்டு அடி, இரண்டு பாய், பின்னால் ஒரு சின்ன இயந்திரம். நாலு வருடம் வெள்ளைக்காரரின் பாய்ப்படகுகளில் கயிறு இழுத்தவன், இன்று சொந்தப் படகில் இருந்து எழுதுகிறேன். மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் வாவியில் உல்லாசப் பயணிகளை ஏற்றி ஓட வேண்டும். கூட்டாளி என் மனைவி டினுஷாவின் அண்ணன் தோமஸ். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவன். வாவியில் மீன் பிடிக்கிறவன். பாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தச் சீலையை நம்பியா மச்சான் கடலுக்குப் போறம்?" என்கிறான்.

தோணிக்காரனுக்குப் பாயைப் பற்றி என்ன தெரியும்?

நவம்பர் 19, செவ்வாய்

விடியப் புறப்பட்டோம். நல்ல காற்று. தோமஸ் அலை ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்தான், பிறகு பாட்டுப் பாடினான். சத்தியே பரவாயில்லை.

நவம்பர் 20, புதன்

கரை தெரியவில்லை. காற்று ஏறுகிறது. எழுத நேரமில்லை.

நவம்பர் 21, வியாழன். வாழைச்சேனை

துறைமுகத்துக்குள் வந்து கயிறு கட்டிவிட்டோம். உயிரோடு இருக்கிறோம்.

நேற்று வாடைக்காற்று பிய்த்து எடுத்துவிட்டது. பெரிய பாயைப் பாதியாகச் சுருக்கினேன், அதுவும் தாங்காமல் இறக்கினேன். சின்னப் பாயோடு ஓடினோம். ஒவ்வொரு அலையும் பின்னால் வந்து தூக்கிப் போட்டது. சுக்கானைக் கொஞ்சம் விட்டாலும் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். ஏழு மணித்தியாலம் கை எடுக்கவில்லை. தோமஸ் "மாதாவே, மாதாவே" என்று வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தான். நடுவில் பாணைப் பிய்த்து என் வாயில் ஊட்டினான். உன் தங்கச்சிகூட எனக்கு இப்படி ஊட்டினதில்லை என்றேன். "நில்லு, அவளிட்ட சொல்லித் தாறன்" என்றான்.

இவன் இல்லாவிட்டால் நான் வந்திருக்க மாட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி, காலை

டினுஷா மட்டக்களப்பிலிருந்து போன் எடுத்தாள். "கிரான் பக்கம் வயல் வட்டையெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்காம். அதால முகத்துவாரத்தை வெட்டிட்டாங்க. வழி திறந்திட்டுங்க! சனமெல்லாம் கடற்கரை வெளிச்சவீட்டடியில நிக்குது, நீங்க பாய் விரிச்சு வாறதைப் பாக்க."

மழைக்காலத்தில் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணலை வெட்டிவிட்டால்தான் வயல் வெள்ளம் வடியும். எங்களுக்கும் உள்ளே போக வழி கிடைக்கும்.

தோமஸ் மாட்டேன் என்கிறான். "வெட்டின கையோட போகேலா மச்சான். வெள்ளம் வெளிய தள்ளும், வாடை உள்ள தள்ளும். ரெண்டும் முட்டுற இடத்தில அலை எழும்பி நிக்கும். ரெண்டு நாள் நிப்பம்."

ஊரே வந்து நிற்கிறது. இரண்டு நாள் கழித்து யார் வருவார்கள் பார்க்க? "பயமெண்டா பஸ்ஸில போ" என்றேன். அவன் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டான்.

புறப்படுகிறோம்.

நவம்பர் 29, வெள்ளி

தோமஸை அடக்கம் செய்து ஐந்து நாள்.

டிசம்பர் 2, திங்கள்

எழுதிவிட வேண்டும். நான் எழுதும் இந்தக் கொப்பி பொலித்தீன் பைக்குள் என் இடுப்பில் இருந்ததால் தப்பியது. நானும் தப்பினேன்.

முகத்துவாரம் தெரிந்ததும் கரையில் சனம் கை காட்டியது. நானும் காட்டினேன். காட்டினேனே! வாவித் தண்ணீர் கலங்கிப்போய்க் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அவன் சொன்ன இடத்தில், சொன்னபடியே அலை எழும்பி நின்றது. திருப்பப் பார்த்தேன், காற்று விடவில்லை. இயந்திரம் இழுக்கவில்லை. முதல் அலை படகைக் குறுக்கே போட்டது. அடுத்தது கவிழ்த்தது. பாயின் அடிக்கம்பு தோமஸின் தலையில் அடித்ததை என் கண்ணால் கண்டேன். என்னைத் தோணிக்காரர்தான் இழுத்து எடுத்தார்கள். அவனை மறுநாள்தான் எடுத்தார்கள்.

ஐயோ தோமஸ், ஏன்டா என்னோட சண்டை பிடிக்கல்ல நீ? கன்னத்தில ஒரு அறை விட்டிருந்தா நிண்டிருப்பனேடா!

மரண விசாரணையில் ஏன் புறப்பட்டீர்கள் என்று கேட்டார்கள். "வழி திறந்திட்டு எண்டு மனைவி போனில சொன்னவ" என்றேன். பொய்யில்லை. அவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன். அவன் நிற்கச் சொன்னதை யாருக்கும் சொல்லவில்லை. டினுஷாவும் அவளுடைய அம்மா றோசம்மா மாமியும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

டிசம்பர் 10, செவ்வாய்

டினுஷா யாரோடும், எங்கள் மகளோடுகூட, பேசுவதில்லை. இன்று அடுப்படியில் நின்று தனக்குத்தானே சொல்கிறாள்: "என்ட வாயாலதானே கூப்பிட்டன்."

இப்போது சொல்லலாம். வாய் வருகுதில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

முப்பத்தோராம் நாள் பூசை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் முன்னால் மாமி வெடித்துவிட்டா. "நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா என்ட புள்ள இருந்திருப்பான்டி." டினுஷா அழவில்லை. தலையை ஆட்டினாள், ஓம் என்பதுபோல. நான் கையில் சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன்.

நான் மனிசனா?

டிசம்பர் 25, புதன்

நாங்கள் மாமி வீட்டுக்குப் போகவில்லை. எங்களை வரச் சொல்லவும் இல்லை.

ஜனவரி 3, வெள்ளி

சொல்லிவிட்டேன். டினுஷாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய், பெரியவர்கள் இருவருக்கும் முன்னால். பஸ்ஸில போ என்று நான் சொன்னதையும் சேர்த்து.

மாமி சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தா. டினுஷாதான் கேட்டாள். "அண்ணன் சொன்னதை அப்பிடியே சொல்லுங்க." சொன்னேன். "திரும்பவும் சொல்லுங்க." மூன்று தரம் சொல்ல வைத்தாள். பிறகு, "ஒரு மாசமா என்னைப் பாத்துக்கொண்டுதானே இருந்தீங்க?" என்றாள்.

ஓம் என்றேன்.

மாமி எழும்பி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டா. இரண்டு பேரும் ஓவென்று அழுதார்கள். நான் வெளியே வந்து மதிலடியில் நின்றேன். பொழுதுபட்ட பிறகு தனியாக வீட்டுக்கு வந்தேன். டினுஷாவையும் மகளையும் மாமி அங்கேயே வைத்துக்கொண்டா.

ஜனவரி 19, ஞாயிறு

மகள் போன் எடுத்தாள். பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாள். "அம்மம்மாதான் அம்மாக்குத் தலை இழுத்துப் பின்னி விடுறா அப்பா. ரெண்டு பேரும் ஒண்டாத்தான் சந்தைக்குப் போறாங்க."

நல்லம் மகள் என்றேன்.

"நீங்க எப்ப இங்க வருவீங்க?"

அம்மாவைக் கேட்டுச் சொல்லு என்றேன். போனை வெட்டாமல் அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். அங்கே சட்டி பானைச் சத்தம் கேட்டது, யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். நீண்ட நேரம் காத்திருந்தேன்.

திரும்பி வந்து, "அம்மா ஒண்டும் சொல்லுறாவில்ல அப்பா" என்றாள்.