உடையப்பன் போட்ட ஸ்லைடு

12-3-1975, புதன்
ஈப்போவில் காலையிலிருந்து மழை. அடுத்த புதன் ஆறாம் படிவ உயிரியல் ஆய்வகத்தைப் பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள். குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் ஒடுக்கற்பிரிவைக் காட்ட ஈஸ்ட் போதும் என்று முடிவு செய்தேன். சத்தைக் குறைத்துப் பட்டினி போட்டால், சில நாளில் ஒரு செல்லுக்குள் நான்கு வித்துகள். ஆய்வக உதவியாளர் உடையப்பனிடம் ஒப்படைத்திருக்கிறேன். சுங்காய் எஸ்டேட்காரர். தற்காலிக வேலைதான், ஆனால் கவனமானவர்.

18-3-1975
ஸ்லைடுகள் சரியில்லை. உட்கருவின் உறை கரைய வேண்டும், குரோமோசோம்கள் நூல்நூலாகத் தெரிய வேண்டும் – புத்தகத்தில் அப்படித்தான். இதில் வெறும் கரும்பொட்டு. நீள்கிறது, இரண்டாகிறது, நான்காகிறது.

"சாயத்தைக் கெடுத்துப் போட்டீர்," என்றேன்.

"இல்ல சார். மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன். அது கரையவே இல்ல சார், முழுசா இருந்தபடியே நீளுது."

"அப்ப புத்தகம் பொய்யோ?"

கண்ணாடித் தகடுகளை எடுத்துக்கொண்டு தொட்டிக்குக் கழுவப் போனார்.

19-3-1975
அதிகாரி நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து, இது என்ன என்று கேட்டார். உதவியாளரின் கவனக்குறைவு என்றேன். தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றார்.

27-3-1975
உடையப்பனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாவியை ஒப்படைக்க வந்தார். "சார், நான் சரியாத்தான் போட்டேன்." நான் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

5-12-1978, பினாங்கு
ஆசிரியர்களுக்கான விடுமுறைப் பயிற்சி. இன்று விரிவுரையாளர் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைத் திரையில் காட்டினார். ஈஸ்டின் ஒடுக்கற்பிரிவு. உறை கடைசிவரை கரைவதில்லை. மூடிய உட்கரு அப்படியே நீண்டு, நான்கு முனைகளாகப் பிதுங்குகிறது. ஒவ்வொரு முனையையும் ஒரு புதுச் சுவர் சுற்றி மூடுகிறது. மிச்சம் வெளியே விடப்பட்டு அழிந்துபோகிறது. குரோமோசோம்களும் சாதாரண நுண்ணோக்கியில் நூலாகத் தெரியாதாம். "ஈஸ்டில் எப்போதும் இப்படித்தான்," என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

முழுசா இருந்தபடியே நீளுது.

அவர் பார்த்திருக்கிறார். நான்? மூன்று வருடம் எட்டு மாதம் ஆகிறது.

9-12-1978
ஈப்போ திரும்பியாயிற்று.

14-12-1978
பள்ளி விடுமுறை, ஆய்வகத்தில் நான் மட்டும். கண்ணாடித் தகடுகளை யாரோ கழுவுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன் – குழாய் மூடியிருக்கிறது, தொட்டி காய்ந்து கிடக்கிறது. அந்தச் சத்தம் வீட்டிலும் விடவில்லை. மனைவி சந்திரமதி வந்து, "ஆரோட கதைக்கிறீங்கள்?" என்று கேட்டாள். நான் பேசியதே எனக்குத் தெரியாது. என்ன சொன்னேன் என்று அவளிடம் கேட்கப் பயமாக இருந்தது.

2-1-1979
சுங்காய் போனேன். விசாரித்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் அவருடைய லயத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தது அவர் மனைவி காளியம்மா.

"அவரு செத்து ரெண்டு வருசமாச்சு சார். பள்ளிக்கூட வேல போனப்புறம் ரப்பர் காட்டுல களைக்கு மருந்தடிக்கப் போனாரு. ஆளேத்துற லோரி கவுந்துடுச்சு."

காளியம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என் மேல்தான் – இதைச் சொல்ல ஏன் இத்தனை நாள்? பினாங்கில் யாரோ படம் காட்டினால்தான் எனக்குக் கண் தெரியுமா?

"அதச் சொல்லவா வந்தீங்க?" என்றார். "குடிச்சிட்டு வேலயக் கெடுத்துட்டான்னு இந்த லயமே பேசிச்சு. அவரு தொட்டதே இல்ல சார். எழுதிக் கொண்டாங்க. பேரு போட்டு, கையெழுத்துப் போட்டு."

7-1-1979, ஞாயிறு
நான்கு முறை எழுதிக் கிழித்து, ஐந்தாவதைக் கொண்டுபோனேன். காளியம்மா வாங்கவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படிங்க." வீடு வீடாகப் போய் ஆட்களை அழைத்து வந்தார். எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் தண்டல் மாயாண்டியும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குடிப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தானாம்.

படித்தேன். உட்கரு, உறை எல்லாம் யாருக்கும் புரியவில்லை. 'உடையப்பன் சரியாகச் செய்தார். பொய் சொன்னது ஸ்கந்தராஜா ஆகிய நான்' என்ற வரி வந்ததும் சலசலப்பு நின்றது.

"இன்னொரு தடவ படிங்க சார்," என்றார் காளியம்மா. "கெட்டியா. கடைசி வீட்டுக்கும் கேக்கட்டும்லா."

மறுபடி படித்தேன். பாதியில் தடுமாறி, அந்த வரியைத் திரும்பத் தொடங்கினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மாயாண்டி கையை அவிழ்த்துத் தரையைப் பார்த்தார். காளியம்மா காகிதத்தை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

வரட்டுமா என்று கேட்டேன்.

"போங்க," என்றார். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.